புது நாடுகள் சேர்ந்தால் ஐரோப்பிய ஒன்றிய பட்ஜெட்டில் யார் பங்கு குறையும்? உக்ரைன், பால்கன் நாடுகள், 2004 அனுபவம்

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் வேறொரு இழையில் உக்ரைன் பற்றிப் பேசும்போது ஒருவர் "இவர்களைச் சேர்த்தால் ஒன்றியத்தின் கஜானா காலி" என்றார், இன்னொருவர் "அதெல்லாம் ஒரு பணமே இல்லை" என்றார். இரண்டு பேருமே ஆளுக்கொரு எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் தனி இழை.

முதலில் அளவைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட் ஏழாண்டுக்கு ஒரு தடவை பேசி முடிப்பது. 2021 முதல் 2027 வரைக்குமான தொகை 2018 விலைக்கணக்கில் சுமார் 1.07 லட்சம் கோடி யூரோ. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் இது மொத்த உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஒரு சாதாரண ஐரோப்பிய அரசு தன் நாட்டு வருமானத்தில் பாதிக்குப் பக்கமாகச் செலவழிக்கிறது. செலவில் மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்கு, இன்னொரு மூன்றில் ஒரு பங்கு பின்தங்கிய பகுதிகளுக்கு (பிராந்திய நிதி). மிச்சத்தில்தான் ஆராய்ச்சி, எல்லைக் காவல், வெளிநாட்டு உதவி, நிர்வாகம் எல்லாம்.

வரவில் பெரும்பகுதி ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் பங்கு. அதோடு சுங்க வரி (வசூலித்த நாடு 25 சதவீதத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம்), வாட் வரியை வைத்து ஒரு சிறு பகுதி, 2021இலிருந்து மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக் கழிவுக்குக் கிலோவுக்கு 80 சென்ட். முக்கியமானது, எந்த ஆண்டின் பட்ஜெட்டிலும் துண்டு விழவே கூடாது. வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு ஏழை நாடு பந்தியில் உட்கார்ந்தால் இரண்டே வழி: சமையலைக் கூட்ட வேண்டும், இல்லை என்றால் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர் இலையில் குறைக்க வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டு எண்கள். 2023இல் கவுன்சில் (உறுப்பு நாட்டு அரசுகள் கூடும் அவை) செயலகத்தில் தயாரான ஓர் உள் ஆவணம் வெளியே கசிந்தது. இன்றைய விதிகளை அப்படியே வைத்தால் உக்ரைனுக்கு ஏழு ஆண்டுகளில் 18,600 கோடி யூரோ போகும் என்றது அது. உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா, மேற்கு பால்கன் ஆறு ஆக ஒன்பது நாடுகளுக்கும் சேர்த்து சுமார் 25,700 கோடி. 2024இல் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ப்ரூகெல் ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில் உக்ரைனுக்கு அதிகபட்சம் 13,600 கோடி, அதாவது ஒன்றியத்தின் ஜிடிபியில் ஆண்டுக்கு 0.13 சதவீதம்.

என் கருத்து: மொத்தத் தொகை தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது பங்கு மாறுவது. நேற்று வரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாளை கொடுக்க வேண்டிவரும், அதை அவர்களிடம் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

---

தமிழினியன்

நல்ல இழை அண்ணா. ஒரு சின்னச் சந்தேகம், 18,600 கோடி என்பது நான் செய்தியில் பார்த்த 186 பில்லியன்தானே?

---

கணக்குப்பிள்ளை

ஆமாம். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. இந்த இழை முழுக்கக் கோடியிலேயே எழுதுவோம், இல்லாவிட்டால் குழப்பம்.

---

மெய்ப்பொருள்

> ஒன்றியத்தின் ஜிடிபியில் ஆண்டுக்கு 0.13 சதவீதம்

இந்த எண்ணைக் காட்டி எல்லோரும் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பட்ஜெட்டே 1 சதவீதம் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 0.13 என்பது பட்ஜெட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் மேலே. ஒரே ஒரு நாட்டுக்கு. கடைசியாக நடந்த பேச்சுவார்த்தையில், 2020 ஜூலையில், பட்ஜெட் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் நான்கும் ஒற்றைக் காலில் நின்றன, நான்கு இரவு ஐந்து பகல் பேசினார்கள். அந்த மேசையில் போய் "எட்டில் ஒரு பங்கு கூட்டிக்கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

நான் விரிவாக்கத்துக்கு எதிரி இல்லை. ஆனால் ஜிடிபியோடு ஒப்பிட்டு அதைச் சின்னதாகக் காட்டுவது, வாங்கப்போகிறவர்களுக்கும் கொடுக்கப்போகிறவர்களுக்கும் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை

நியாயமான அடி, ஏற்றுக்கொள்கிறேன். எட்டில் ஒரு பங்கு என்பதுதான் மேசையில் பேசப்படும் எண். நான் தாங்கலாம் என்று சொன்னது பொருளாதாரம் தாங்கும் என்ற பொருளில். அரசியல் தாங்குமா என்பது வேறு கேள்வி, அங்கேதான் நானும் வருகிறேன்.

---

தமிழினியன்

"வாங்கியவர்கள் கொடுக்க வேண்டிவரும்" என்றீர்களே, அது எப்படி? அந்த நாட்டில் எதுவும் மாறவில்லை, பணக்காரர் ஆகவில்லை, அப்புறம் எப்படித் தகுதி போகும்?

---

கணக்குப்பிள்ளை

இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பின்தங்கிய பகுதி என்றால் என்ன? விதி இப்படி: ஒரு பகுதியின் தலா ஜிடிபி, வாங்கும் திறனில் கணக்கிட்டால், ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கவனியுங்கள், சராசரியில். ஒரு ஏழை நாடு சேர்ந்ததும் சராசரியே இறங்குகிறது.

கற்பனையாக ஒரு கணக்கு. 45 கோடிப் பேர், தலா வருமானம் சராசரி 100. ஒரு பகுதி 73இல் இருக்கிறது, 75க்குக் கீழே, ஆகவே முழு நிதி வாங்குகிறது. இப்போது 4 கோடிப் பேர் தலா 40 வருமானத்தோடு உள்ளே வருகிறார்கள். புதுச் சராசரி 95.1. நம் 73 பகுதியில் ஒரு யூரோ கூடக் கூடவில்லை, மூடிய தொழிற்சாலை மூடியேதான் இருக்கிறது, வேலை தேடிப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. ஆனால் 73ஐ 95.1ஆல் வகுத்தால் 76.8 சதவீதம். கோட்டுக்கு மேலே போயாயிற்று. தாளில் பணக்காரப் பகுதி.

இதற்கு பிரஸ்ஸல்ஸில் "புள்ளிவிவர விளைவு" என்றே பெயர். கற்பனையும் இல்லை, நடந்தது. 2004இல் பத்து நாடுகள் சேர்ந்தபோது ஒன்றியத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது, பொருளாதாரம் கூடியது வெறும் 5 சதவீதம். 2007இல் தொடங்கிய ஏழாண்டுத் திட்டத்தில் 16 பகுதிகள் இப்படிக் கோட்டைத் தாண்டின. ஸ்பெயினில் அஸ்டூரியாஸ், முர்சியா. ஜெர்மனியில் லைப்சிக், ஹாலே. ஆஸ்திரியாவில் பூர்கன்லாந்து. போர்ச்சுகலில் அல்கார்வே. அவர்களைச் சட்டென்று கைவிட முடியாமல், ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே போகும் ஒரு இடைக்காலப் பிரிவை உருவாக்கினார்கள். இந்த இடைக்கால ஏற்பாட்டுக்கும் பணம் வேண்டும் அல்லவா, அதுவும் விரிவாக்கச் செலவுதான், ஆனால் புது நாட்டின் பெயரில் எழுதப்படுவதில்லை.

பகுதிக்கு 75 என்பது போல, ஏழை உறுப்பு நாடுகளுக்கென்று கொஹீஷன் நிதி என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு முழு நாட்டுக்கும் 90 சதவீதக் கோடு. 2023 ஆவணத்தில் இருந்த சங்கதி இது: ஒன்பது நாடுகளும் வந்துவிட்டால் செக் குடியரசு, எஸ்தோனியா, லித்துவேனியா, ஸ்லோவேனியா, சைப்ரஸ், மால்டா ஆறும் அந்த நிதிக்கான தகுதியை இழக்கும். இந்த ஆறில் பல, உக்ரைனுக்காக உரக்கக் குரல் கொடுப்பவை. ப்ரூகெல் கணக்கிலும் உக்ரைன் ஒன்று வந்தாலே இப்போதைய நாடுகளின் பிராந்திய நிதி தானாகவே சுமார் 2,400 கோடி குறையும் என்று வருகிறது.

கோடு எவ்வளவு முக்கியம் என்றால், போலந்து தன் மசோவியப் பகுதியை இரண்டாகப் பிரித்துக் கணக்குக் காட்டத் தொடங்கியது, 2018இலிருந்து. வார்சாவும் சுற்றுப்புறமும் ஒன்று, மிச்ச மசோவியா இன்னொன்று. வார்சாவின் செல்வம் சுற்றியிருக்கும் ஏழைக் கிராமங்களின் சராசரியைத் தூக்கிவிட்டு நிதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை.

---

வெண்பனி

போலந்து என்று வந்ததால் எழுதுகிறேன். லுப்ளின் பக்கம் சில வருடங்கள் ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தேன், பெரும்பாலும் நகராட்சி வேலைகள், ஒன்றியத்தின் பணம்.

செய்தியில் "போலந்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று ஒரு வரியில் வந்துவிடும். அந்தப் பணம் கைக்கு வரும் வழி எப்படி என்று சொல்கிறேன். ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். வேலை நடக்கும் இடத்தில் நீலப் பலகை, பன்னிரண்டு நட்சத்திரம், திட்டத்தின் பெயர், மொத்தச் செலவு, அதில் ஒன்றியத்தின் பங்கு. 85 சதவீதம் அவர்கள், 15 சதவீதம் நகராட்சி. ஆனால் 85 முன்கூட்டி வராது, கொஞ்சம் முன்பணம், மற்றபடி நீங்கள் செலவு செய்து, ரசீது சேர்த்து, கட்டியதற்கான வங்கி அத்தாட்சியோடு அனுப்பினால் திருப்பித் தருவார்கள். ஒரு தடவை குழாய் வாங்கிய ரசீதில் இருந்த தேதி ஒப்பந்தத் திருத்தத்தின் தேதிக்கு மூன்று நாள் முந்தி இருந்தது. அந்தத் தொகை முழுக்கத் தகுதியற்ற செலவு என்று திரும்பி வந்தது. நகராட்சி பொருளாளர் அம்மா அந்தக் கோப்பை எங்கள் மேசையில் வைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது, ஏனென்றால் இடையில் சமாளிக்க அவர்கள் வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள், வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒதுக்கீடு வேறு, செலவாவது வேறு. சேர்ந்த நாளிலேயே 18,600 கோடியையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது போலப் பேசுகிறார்கள். திட்டம் தீட்ட ஆள் வேண்டும், டெண்டர் விடத் தெரிய வேண்டும், 15 சதவீதம் சொந்தப் பணம் வேண்டும், குறித்த ஆண்டுகளுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பப் போய்விடும். ருமேனியா 2007இல் சேர்ந்து முதல் திட்ட காலத்தில் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்கவே பாடுபட்டது. புது நாடுகளுக்கு முதல் சில ஆண்டுகளில் உண்மையில் போய்ச் சேரும் பணம் தாளில் இருப்பதைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

வெண்பனி சொன்னதோடு இன்னொன்று. பிராந்திய நிதிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மிக ஏழை நாடுகளுக்கு இந்தத் திட்ட காலத்தில் அது அவர்களின் சொந்த ஜிடிபியில் 2.3 சதவீதம். உக்ரைனின் ஜிடிபி போருக்கு முன் சுமார் 20,000 கோடி டாலர். 2.3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 460 கோடி டாலர், அவ்வளவுதான் வாங்க முடியும். தேவை எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஏழையாக இருப்பதாலேயே குறைவாக வாங்கும்படி ஒரு விதி. நாலு கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு இது மிகக் குறைவு.

---

ரைன்கரை

ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டில் இந்தப் பேச்சு வரும்போது எல்லோரும் சொல்வது "நாம்தானே கட்டுகிறோம்". உண்மைதான், நாடுகள் கட்டும் பங்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஜெர்மனியுடையது. அதற்கு ஜெர்மனி ஆண்டுக்கு 367 கோடி யூரோ தள்ளுபடியும் வாங்குகிறது (2020 விலையில்), நெதர்லாந்து 192 கோடி, ஸ்வீடன், ஆஸ்திரியா, டென்மார்க்குக்கும் உண்டு. இதை யாரும் சாப்பாட்டு மேசையில் சொல்வதில்லை.

இன்னொன்று, கட்டியதையும் வாங்கியதையும் கழித்து "நிகரம்" என்று போடும் கணக்கே பாதிக் கணக்கு. போலந்து இன்று ஜெர்மனியின் முதல் ஐந்து வணிகக் கூட்டாளிகளில் ஒன்று. வெண்பனி சொன்ன சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்த லாபம் பட்ஜெட் புத்தகத்தில் எங்கேயும் வராது.

---

வெண்பனி

பம்பு பவேரியாவிலிருந்து வந்தது, உண்மையாகவே.

---

மெய்ப்பொருள்

ரைன்கரை, வணிக லாபம் போவது நிறுவனங்களுக்கு, பங்கு கட்டுவது வரி கட்டுபவர். இரண்டும் ஒரே பை இல்லை. இதையும் ஜெர்மானியத் தொழிலாளி கேட்கத்தானே செய்வார்?

---

ரைன்கரை

கேட்பார், கேட்க வேண்டும். ஆனால் அது பெர்லின் தன் உள்நாட்டு வரியை எப்படி வைக்கிறது என்ற கேள்வி. அதற்கு வார்சாவையோ கீவையோ காரணம் காட்ட முடியாது.

---

நிலாமுற்றம்

எல்லோரும் பிராந்திய நிதியிலேயே நிற்கிறீர்கள், விவசாயம்தான் பெரிய வெடி. 2023 ஆவணத்தில் உக்ரைனுக்கான தொகையில் பாதிக்கு மேல், 9,650 கோடி, விவசாய மானியம். பழைய நாடுகளின் விவசாயிகளுக்கு சுமார் 20 சதவீதம் குறையும் என்றது அதே ஆவணம்.

நான் பிரான்ஸில், சின்ன ஊரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடு வளர்ப்பவர், அறுபது வயது தாண்டியவர். ஒவ்வொரு ஆண்டும் மே 15க்குள் டெலிபாக் என்ற இணையதளத்தில் மானிய விண்ணப்பம் போட வேண்டும். ஒரு தடவை கணினியில் உதவச் சொல்லிக் கூப்பிட்டார். திரையில் அவர் நிலத்தின் வான்படம், ஒவ்வொரு துண்டுக்கும் கோடு வரைந்திருக்கிறது, வேலிச்செடி எவ்வளவு நீளம், ஓரத்தில் மரம் எத்தனை, எந்தத் துண்டில் புல், எந்தத் துண்டில் மக்காச்சோளம். ஒரு புதர் வளர்ந்து வயலுக்குள் நீண்டிருந்தால் அந்த அளவைக் கழித்துக் கோட்டைத் திருப்பி வரைய வேண்டும். கழியும் ஒவ்வொரு சதுர மீட்டரும் பணம். ஏனென்றால் மானியம் அடிப்படையில் ஹெக்டேர் கணக்கு. அவர் வருமானத்தில் இந்த மானியத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதிகமில்லை.

இப்போது எதிரே பாருங்கள். உக்ரைனின் விவசாய நிலம் சுமார் 4 கோடியே 10 லட்சம் ஹெக்டேர், ஒன்றியத்தில் இன்று எந்த நாட்டையும்விட அதிகம். அதில் சில நிறுவனங்கள் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கின்றன. ஒன்றியத்தில் சராசரிப் பண்ணை 17 ஹெக்டேர். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று இதே விதியைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் பணம் போவது உக்ரைனியச் சிறு விவசாயிக்குக் கூட இல்லை.

சரி, விதியை மாற்றலாம் என்பீர்கள். அந்த விதி இங்கேயே கெட்டுப்போய் எத்தனையோ காலம் ஆகிறது, நேரடி மானியத்தில் சுமார் 80 சதவீதம் 20 சதவீதப் பேருக்குப் போகிறது என்பது பழைய செய்தி. ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை (2018இல் 1 லட்சம் யூரோ) ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் திரும்பத் திரும்ப முன்வைக்கிறது, நாடுகள் அதை விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றன. 2025 ஜூலையில் அடுத்த பட்ஜெட்டுக்கான முன்மொழிவில் மறுபடி கட்டாயம் என்று வந்திருக்கிறது. இந்தத் தடவையாவது நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், உக்ரைனுக்காக மட்டும் இல்லை, என் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும்.

---

மெய்ப்பொருள்

2023 ஏப்ரலில் உக்ரைன் தானியத்துக்கு போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா தடை போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினராகும் முன்பே, வெறும் தானியம் எல்லை தாண்டியதற்கே அந்தக் கோபம். மானியத்தையும் பங்கு போட வேண்டும் என்றால்? 2004இல் செய்தது போல முதலில் 25 சதவீதம் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்பதுதான் நடைமுறை வழி என்று படுகிறது.

---

கணக்குப்பிள்ளை

2004 கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் "25 சதவீதம்" என்ற பாதியை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

2002 அக்டோபரில் பிரெஞ்சு அதிபர் ஷிராக்கும் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரும் பேசி விவசாயச் செலவுக்கு 2013 வரை ஓர் உச்சவரம்பை முடிவு செய்தார்கள். அந்த வரம்புக்குள்ளேயே பத்துப் புது நாடுகளையும் அடக்க வேண்டும். ஆகவே புது நாட்டு விவசாயிக்கு 2004இல் பழைய நாட்டு அளவில் 25 சதவீதம், 2005இல் 30, 2006இல் 35, 2007இல் 40, அப்புறம் ஆண்டுக்கு 10 புள்ளி கூடி 2013இல் 100. குரோஷியா 2013இல் சேர்ந்தபோதும் இதே பத்தாண்டு ஏணி. 2002 டிசம்பரில் கோபன்ஹேகன் உச்சிமாநாட்டில் பத்து நாடுகளுக்கும் சேர்த்து 2004 முதல் 2006 வரை 4,080 கோடி யூரோ என்று முடிந்தது, 1999 விலையில்.

வாங்குவதற்கு ஏணி வைத்தார்கள், கட்டுவதற்கு ஏணி இல்லை. சேர்ந்த நாளிலிருந்து பங்கை முழுசாகக் கட்ட வேண்டும். இதனால் செக் குடியரசு, ஸ்லோவேனியா, சைப்ரஸ், மால்டா நான்கும் சேர்ந்த முதல் ஆண்டே முந்தைய ஆண்டைவிட மோசமான நிலைக்குப் போகும் என்று கணக்கு வந்தது. உறுப்பினர் ஆவதற்கு முன் உதவி வாங்கிக்கொண்டிருந்தவர்கள், உறுப்பினர் ஆனதும் நிகரமாகக் கொடுப்பவர்கள்! அதைச் சரிக்கட்ட தற்காலிக ஈட்டுத்தொகை என்று ரொக்கமாகக் கொடுத்தார்கள்.

எனக்கு இதில் ஒரு தீராத மனக்குறை உண்டு. ஏணி வைப்பதில் தவறில்லை. ஆனால் அன்று ஏணி வைத்ததன் நோக்கம் பழைய விதியைத் தொடாமல் காப்பாற்றுவது. விதியைத் திருத்தி எல்லோருக்கும் ஒரே விதி என்று போட்டிருந்தால், இருபது வருடம் கழித்து இதே மேசையில் இதே சண்டை வந்திருக்காது. நிலாமுற்றம் சொன்ன அந்த ஹெக்டேர் கணக்கு அப்போதே உடைந்திருக்க வேண்டியது.

---

வெண்பனி

> முதலில் 25 சதவீதம் கொடுத்து ஆரம்பிக்கலாம்

மெய்ப்பொருள், எண்ணாக எழுதும்போது சுலபம். நான் இருந்த ஊரில் வயதான விவசாயிகள் இன்றும் அந்த 25ஐப் பேசுவார்கள். டீசல் விலை ஒன்று, உர விலை ஒன்று, விற்கும் சந்தை ஒன்று, மானியம் மட்டும் கால் பங்கு. அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. அதே ஆட்கள்தான் பின்னால் டிராக்டரை எல்லையில் நிறுத்தி உக்ரைன் லாரியை மறித்தார்கள் என்பது எனக்கு வேதனை. தாங்கள் பட்டதைத் தெரிந்தவர்கள் அடுத்தவரைப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை.

---

கடலோடி

கணக்குப்பிள்ளை விட்டுவிட்ட ஒரு செலவு இருக்கிறது. கையெழுத்தின் விலை.

ஒரு நாடு சேர எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும். ஏழாண்டு பட்ஜெட்டுக்கும் கவுன்சிலில் ஒருமனதாக முடிவு வேண்டும். எவ்வளவு கட்டுவது என்ற முடிவுக்கு ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பின்படி ஒப்புதல் தர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விரிவாக்கத்திலும் யாராவது ஒருவர் கையெழுத்துக்கு விலை கேட்டிருக்கிறார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேரும் முன் கிரேக்கம் மறித்து மத்தியதரைப் பகுதிகளுக்கென்று தனித் திட்டம் வாங்கிக்கொண்டது. உள்ளே வந்த ஸ்பெயினின் பிரதமர் கோன்சாலஸ், 90களின் தொடக்கத்தில் பிடிவாதமாக நின்று கொஹீஷன் நிதியையே உருவாக்க வைத்தார். கோபன்ஹேகனில் கடைசி நேரத்தில் போலந்து, பிராந்திய நிதியில் 100 கோடி யூரோவை உடனே செலவழிக்கக்கூடிய ரொக்கமாக மாற்றிக்கொண்டது. 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் பிளேர், முன்னாள் பிரதமர் தாட்சர் 1984இல் வாங்கிய தள்ளுபடியில் 2007 முதல் 2013 வரை 1,050 கோடி யூரோ வரை விட்டுக்கொடுத்தார், புது நாடுகளின் வளர்ச்சிச் செலவில் பிரிட்டனும் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காக. சொந்த ஊரில் அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை 2023 டிசம்பரில் ஹங்கேரிப் பிரதமராக இருந்த ஓர்பான் ஒருவர் நிறுத்தினார், 2024 பிப்ரவரி 1 அன்றுதான் சம்மதித்தார். ஒன்பது நாடுகள் சேர்ந்தால் ஒன்பது கையெழுத்து கூடும். இந்தச் செலவை எந்த ஆய்வும் எண்ணாக எழுத முடியாது, ஆனால் என் பார்வையில் இதுவே பெரியது. ஒருமனது விதியை மாற்றாமல் சேர்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

---

ரைன்கரை

அந்த விதியை மாற்றவும் ஒருமனது வேண்டுமே கடலோடி.

---

கடலோடி

தெரியும். அதனால்தான் சேர்க்கும் ஒப்பந்தத்திலேயே அதையும் கட்டிவைக்க வேண்டும் என்கிறேன். பிறகு யாரும் தன் கையில் இருக்கும் வெட்டு அதிகாரத்தைத் தானாக விடமாட்டார்கள்.

---

தமிழினியன்

பால்கன் நாடுகள் பற்றி யாரும் பேசவில்லையே? அவர்கள்தானே நீண்ட நாளாகக் காத்திருக்கிறார்கள்?

---

கணக்குப்பிள்ளை

பணக்கணக்கில் அங்கே பேசவே அதிகம் இல்லை, அதுவே கொடுமை. செர்பியா, மொண்டிநீக்ரோ, போஸ்னியா, வட மாசிடோனியா, அல்பேனியா, கொசோவோ ஆறும் சேர்ந்தாலும் மக்கள் தொகை ருமேனியாவைவிடக் குறைவு. 2023 ஆவணத்தின்படி உக்ரைனைக் கழித்தால் மற்ற எட்டு நாடுகளுக்கும் சேர்த்து ஏழாண்டுக்குச் சுமார் 7,000 கோடி. மொண்டிநீக்ரோவில் ஆறு லட்சத்துச் சொச்சம் பேர், 2012இலிருந்து பேச்சுவார்த்தை. வட மாசிடோனியா 2005இலேயே வேட்பாளர் நாடு, கிரேக்கத்துக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது, இன்னும் வாசலில் நிற்கிறது. இவர்களைத் தடுத்தது பட்ஜெட் இல்லை.

இப்போதைக்கு "வளர்ச்சித் திட்டம்" என்று ஆறு நாடுகளுக்கும் சேர்த்து 2024 முதல் 2027 வரை 600 கோடி யூரோ, அதிலும் 400 கோடி கடன். எல்லை தாண்டிப் பக்கத்திலேயே குரோஷியாவும் பல்கேரியாவும் உறுப்பினராக வாங்குவதோடு இதை ஒப்பிட்டால், தலைக்கு விழுவது மிகச் சொற்பம். இளைஞர்கள் நாடு சேரும் வரை காத்திருக்காமல் தாங்களே ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

---

நிலாமுற்றம்

அடுத்த பட்ஜெட்டில் இதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறார்களா? 2028 முதல் 2034 வரை என்று ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ முன்மொழிவு வந்ததே.

---

கணக்குப்பிள்ளை

வந்தது, 2025 ஜூலை 16 அன்று. தேசிய வருமானத்தில் 1.26 சதவீதம். ஆனால் அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, கொரோனா மீட்பு நிதிக்காக வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவது 2028இல் தொடங்குகிறது, 2058 வரை ஓடும், அதுவும் இதற்குள்ளேயே. விவசாயமும் பிராந்திய நிதியும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டு மொத்தம் 86,500 கோடி. உக்ரைனுக்கு உதவியாக 10,000 கோடி வரை தனியே. ஆனால் புதிய நாடு உறுப்பினர் ஆனால் ஆகும் செலவு அதில் இல்லை, அப்படி நடந்தால் பட்ஜெட்டைத் திருத்துவோம் என்கிற விதி மட்டும் இருக்கிறது.

ஒரு திருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாட்டுக்கு ஒரு திட்டம் என்று ஆகிவிட்டால், தொகையைப் பேசி முடிவு செய்யலாம், ஹெக்டேரைப் பெருக்கிப் பயமுறுத்த வேண்டியதில்லை. பிடிக்காத பக்கமும் உண்டு: பிராந்தியத்துக்கு நேராகப் போன பணம் தலைநகரின் கைக்குப் போய்விடும். அஸ்டூரியாஸுக்கும் பூர்கன்லாந்துக்கும் அன்று பேச ஒரு கோடாவது இருந்தது.

---

மெய்ப்பொருள்

அப்படியென்றால் போரில் இடிந்ததைக் கட்டும் செலவு? உலக வங்கியும் மற்றவர்களும் 2025 பிப்ரவரியில் பத்தாண்டுக்கு 52,400 கோடி டாலர் என்றார்களே. அதுவும் இதிலா?

---

கணக்குப்பிள்ளை

இல்லை, தனி. அதை உறுப்பினர் செலவோடு சேர்த்துப் பேசுவதால்தான் எண்கள் குழம்புகின்றன. உக்ரைன் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த இடிபாடு அங்கேதான் இருக்கும். உறைய வைத்திருக்கும் ரஷ்யச் சொத்து, கடன், தனியார் முதலீடு, நன்கொடை என்று அதற்குப் பல வாசல்கள். 0.13 சதவீதம் என்று நான் சொன்னது சாதாரண உறுப்பு நாடாக அது வாங்கும் பங்கு மட்டும்.

அயர்லாந்து 1973இல் சேர்ந்தது, நிகரமாகக் கொடுக்கும் நாடாக மாறியது 2014இல். 41 வருடம். வெண்பனி, உங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

---

வெண்பனி

சொன்னேன். அந்தப் பொருளாளர் அம்மாவிடமே ஒரு தடவை. "எங்களுக்கு இன்னும் இருபது வருடம் பாக்கி இருக்கிறது, அதற்குள் கோட்டை மாற்றிவிடுவார்கள்" என்றார்.